வேலை முறையைத் திருத்துவது எப்படி?

நம் கடைக்காரச் சகோதரர்களிடம் விசாரித்தால், "வியாபாரத்துக்குக் குறைவில்லை, வேலைதான் தீர்ந்தபாடில்லை" என்பார்கள். உடனே இன்னோர் ஆளைச் சேர்க்கலாமா, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடலாமா என்று யோசிப்பார்கள். நாமும் அப்படி யோசித்தவர்கள்தாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த வேலை ஏன் இருக்கிறது?

அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் கம்பெனியில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 1980களின் தொடக்கத்தில், சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் இலாகாவில் மட்டும், வட அமெரிக்காவில் அக்கம்பெனிக்கு 500க்கு மேற்பட்ட ஆட்கள் இருந்தனர். கம்ப்யூட்டர் வைத்து அதை 400 ஆக்கலாம் என்று மேலதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். பிறகு ஜப்பானின் மஸ்டா கம்பெனியில் இதே வேலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று விசாரித்தால், ஐந்தே பேர்! மஸ்டா சிறிய கம்பெனிதான். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஃபோர்டில் இருக்க வேண்டியதைப் போல் ஐந்து மடங்கு ஆட்கள் இருந்தார்கள்.

அத்தனை பேரும் சோம்பேறிகளா? இல்லை. முறை அப்படி. கொள்முதல் இலாகாவிலிருந்து ஆர்டர் நகல் வரும். கிட்டங்கியிலிருந்து சரக்கு இறங்கிய சீட்டு வரும். அனுப்பியவரிடமிருந்து பில் வரும். இந்த மூன்று தாள்களுக்குள் 14 விவரங்கள் ஒத்துப் போனால்தான் பணம். ஒத்துப் போனவற்றுக்கு நேரம் பிடிக்கவில்லை. ஒவ்வாதவற்றைத் துருவி, விளக்கம் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தே பொழுதெல்லாம் போயிற்று.

என்ன செய்தார்கள்? பில்லையே ஒழித்தார்கள். ஆர்டர் கொடுத்ததும் அது கம்ப்யூட்டரில் பதிவாகும். சரக்கு வாசலுக்கு வந்ததும் அங்கே நிற்பவரே அந்தப் பதிவைப் பார்ப்பார். சரியென்றால் இறக்கிக்கொள்வார், செக் தானாகத் தயாராகும். சரியில்லையென்றால் சரக்குத் திரும்பிப் போகும். பணம் கொடுக்க ஒத்துப் பார்க்க வேண்டியவை சாமானின் எண், எந்த அளவையில் வந்தது, அனுப்பியவரின் குறியீடு, இந்த மூன்றுதான். ஆட்களில் முக்கால் பங்கு குறைந்தது. மைக்கேல் ஹாமர் என்பவர் 1990இல் ஹார்வர்டு பிஸினஸ் ரிவ்யூ பத்திரிகையில் இதை எழுதி உலகறியச் செய்தார்.

சிங்கப்பூரில் 1989இல் தொடங்கிய டிரேட்நெட்டும் இந்த வகைதான். ஏற்றுமதி இறக்குமதி அனுமதிக்கு இலாகாவுக்கு ஒரு தாள் என்றிருந்தது போய், ஒரே மின் படிவமாயிற்று. நாள் கணக்கு நிமிடக் கணக்காயிற்று.

நம் மளிகைக் கடை ஃபோர்டு அல்ல. மூன்று தாள் தகராறு மட்டும் நமக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் 50 மூட்டை அரிசி கேட்டோம். இறங்கியது 48. பில் வந்தது 50க்கு. மாதக் கடைசியில்தான் சங்கதி தெரிந்தது. பின்வாசலில் கையெழுத்துப் போட்ட பையனைக் கோபித்துக்கொண்டோம். அவன்மேல் என்ன குற்றம்? எத்தனை மூட்டை கேட்டோம் என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நோட்டில் அல்லவா இருந்தது!

அந்த நோட்டைப் பின்வாசலில் ஆணியடித்து மாட்டினோம். "குறைந்தால் கையெழுத்துப் போடாதே, யார் வந்து கேட்டாலும் சரி" என்று பையனுக்கு அதிகாரமும் கொடுத்தோம். முதலாளிமாருக்குக் கசக்கும் இடம் இதுதான். நமக்கும் கசந்தது. ஆனால் பில் தகராறு ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993இல் எழுதிய புத்தகம் பரவிய பிறகு, முறையைத் திருத்துகிறோம் என்று சொல்லிப் பல கம்பெனிகள் ஆட்களைத்தான் கழித்தன. மனிதர் விஷயத்தைத் தாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று ஹாமரே 1996இல் ஒப்புக்கொண்டார்.

நம் கடையிலும் அந்தக் கேள்வி வந்தது. வாப்பா காலத்திலிருந்து இருக்கும் கணக்கப்பிள்ளை ஒருநாள், "தம்பி, பில் தகராறு இல்லையென்றால் எனக்கு இங்கே என்ன வேலை?" என்றார். அன்று நம்மிடம் பதில் இல்லை. மறுநாள், "மாமா, இதைப் பாருங்கள்" என்று கடன் நோட்டை அவர் கையில் கொடுத்தோம். வாடிக்கைக் குடும்பங்கள் எல்லாவற்றையும் அறிந்தவர் அவர். நாம் கேட்கக் கூசிய பாக்கிகளை எல்லாம் அவர் முகம் கோணாமல் கேட்டு வாங்கி வருகிறார். மழை நாளில் பையன் எண்ணாமல் கையெழுத்துப் போடுவதுதான் இன்னும் தீரவில்லை.