கடற்கரையில் ஒரு கல்விக்கூடம்

நுழையும்முன்
பெண்கள் பள்ளிக்குச் செல்வது இன்று இயல்பான காட்சி. நூறாண்டுகளுக்கு முன்னர், வீட்டின் வாயிற்படியைத் தாண்டுவதே சிறுமியர் பலர்க்கு அரிதாக இருந்தது. அக்காலத்தில் சென்னையில் பெண்கல்விக்கு வழிகோலிய ஓர் ஆசிரியரின் நினைவுகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்
சகோதரி சுப்புலட்சுமி தம் முதுமையில், ஆங்கில எழுத்தாளர் மோனிகா பெல்டனிடம் தம் வாழ்க்கையை எடுத்துக் கூறினார். அந்நினைவுகள் 1966ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணியர், தாயார் விசாலாட்சி. அக்கால வழக்கப்படி 11ஆம் வயதில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். தலைமழித்தல், உணவில் கட்டுப்பாடு, மங்கல நிகழ்வுகளிலிருந்து விலக்கு எனக் கைம்மையின் கொடுமைகள் அன்று சிறுமியரையும் விட்டுவைக்கவில்லை. சுப்புலட்சுமியின் பெற்றோரோ மகளை மூலையில் முடக்காமல், அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்தனர். தந்தையே வீட்டில் ஆங்கிலம் கற்பித்தார். 1911இல் அவர் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்.

நால்வருடன் தொடக்கம்
பெண்கள் பள்ளிகளுக்கு அந்நாளில் ஆசிரியைகள் கிடைப்பது அரிது. வளர்ந்த மகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினர். கற்பிக்கும் தகுதிபெற்ற பெண்களோ மிகச் சிலரே. மறுபுறம், கைம்பெண் சிறுமியர் வீட்டுக்குள் அடைபட்டு வாழ்நாளை வீணே கழித்தனர். இச்சிறுமியர் கற்றால் ஆசிரியைகள் கிடைப்பர். ஆசிரியைகள் கிடைத்தால் பெண்கள் பள்ளிகள் பெருகும். இதனைச் சுப்புலட்சுமி தெளிவாகக் கண்டார்.

பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த லிஞ்ச் அம்மையார் அவருக்குத் துணைநின்றார். எழும்பூரில் நான்கு சிறுமியருடன் இல்லம் தொடங்கியது. இளமையிலேயே கணவரை இழந்த சிற்றன்னை வாலாம்பாள் இல்லத்தைப் பேணும் பொறுப்பை ஏற்றார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் உருவானது.

ஐஸ்ஹவுஸ் நாள்கள்
மாணவியர் பெருகவே இடம் போதவில்லை. கடற்கரைச் சாலையில் இருந்த ஐஸ்ஹவுஸ் கட்டடத்திற்கு இல்லம் மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது அது. 1897இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. எதிரே விரிந்த மணற்பரப்பில் சிறுமியர் ஓடி விளையாடினர். 'எதிரே வந்தால் தீநிமித்தம்' என்று ஊரார் ஒதுக்கிய குழந்தைகள், அங்கே மீண்டும் குழந்தைகளாயினர்.

பொறுமையின் விலை
பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவதே அவர்முன் நின்ற பெரும் அறைகூவல். எனவே உணவிலும் வழிபாட்டிலும் மரபு வழுவாமல் இல்லத்தை நடத்தினார். தொடக்கத்தில் ஒரு சாதிச் சிறுமியர்க்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. மறுமணத்தைப் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசவில்லை. சீர்திருத்தம் விழைந்தோர்க்கு இது குறையாகப் பட்டது. பழமை போற்றியோர்க்கோ பெண்கள் படிப்பதே மிகையாகப் பட்டது. இருபுறப் பழியையும் தாங்கியே அவர் ஒவ்வொரு சிறுமியாக வெளியே அழைத்து வந்தார். பின்னர் அருகிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கும் பள்ளி ஏற்படுத்தினார்.

விதை மரமாதல்
1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது, அவரே அதன் முதல்வரானார். வயதால் அவ்வில்லத்தில் சேர இயலாத பெண்களுக்காக 1927இல் சாரதா வித்யாலயம் தோன்றியது. 1958இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1969இல் அவர் மறைந்தார்.

அவரிடம் கற்ற பெண்கள் ஆசிரியைகளாகி வெவ்வேறு பள்ளிகளுக்குச் சென்றனர். ஒருகாலத்தில் தம் வீட்டு வாயிலிலேயே நிற்கத் தயங்கியவர்கள், பிற வீட்டுச் சிறுமியர் வெளியே வரக் காரணமாயினர்.

கற்பவை கற்றபின்
உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குச் சென்ற பெண் யார்? அவருடைய பள்ளி நாள்களைக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.