அவர் எப்படி நடக்கிறார்? ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவோம்



இம்முறை ஆங்கிலப் பாடத்துக்கு 'நடை'யை எடுத்துக்கொள்கிறோம். நடக்கிறதுக்குமா பாடம் என்று சிரிக்க வேண்டாம். ஒரு சொல் குறைந்ததால் வந்த வினையை முதலில் கேளுங்கள்.

மழை நாளில் மலையில் வழுக்கி விழுந்த ஒரு அண்ணன் எங்களிடம் கடிதம் எழுதிக் கேட்டு வந்தார். "நடக்கிறேங்க, ஆனா நொண்டி நொண்டித்தான்" என்றார். நாங்கள் அவசரத்தில் 'ஹீ இஸ் வோக்கிங்' என்று மட்டும் எழுதிவிட்டோம். வாசித்தவர்கள் ஆள் நடமாடுகிறார், சுகமாகிவிட்டார் என்று எண்ணினார்கள். வீங்கின முழங்காலோடு அவர் மறுநாளே பிரட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. எழுதியது நாங்கள், பிழையும் எங்களுடையதே. 'ஹீ லிம்ப்ஸ்' என்ற இரண்டு சொல் போதுமாயிருந்தது.

1. தமிழில் இரண்டு சொல், ஆங்கிலத்தில் ஒன்று

நாம் 'நொண்டி நடக்கிறார்' என்போம். ஆங்கிலத்தில் நடையின் விதமும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

லிம்ப் – நொண்டி நடத்தல்
ஸ்டாகர் – தள்ளாடி நடத்தல். குடித்தவர் மட்டுமல்ல, காய்ச்சல்காரரும் தள்ளாடுவார்.
ஷஃபிள் – காலைத் தூக்காமல் தேய்த்து நடத்தல்
ட்ரட்ஜ் – களைத்துப்போய், கால் கனக்க நடத்தல். கொழுந்துச் சாக்கோடு மேடு ஏறுகிற நடை இதுதான்.
டொட்ல் – குழந்தை தத்தித் தத்தி நடத்தல். பிள்ளைக்காம்பராவில் தினமும் பார்க்கலாம்.

2. எப்போது நடந்தது?

ஹீ லிம்ப்ஸ் – அவர் நொண்டித்தான் நடப்பார்
ஹீ இஸ் லிம்பிங் – இப்போது நொண்டுகிறார்
ஹீ லிம்ப்ட் யெஸ்டர்டே – நேற்று நொண்டினார்
ஹீ ஹாஸ் பீன் லிம்பிங் ஃபோர் த்ரீ டேய்ஸ் – மூன்று நாளாக நொண்டுகிறார்

"எத்தனை நாளா?" என்றுதான் டாக்டர் கேட்பார். அதனால் கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்து வையுங்கள். 'அவர்' என்றால் தமிழில் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். ஆங்கிலத்தில் ஆணுக்கு ஹீ, பெண்ணுக்கு ஷீ. ஹீ, ஷீ வந்தால் முதல் வாக்கியத்தில் உள்ளதுபோல் கடைசியில் 'ஸ்' சேரும். ஐ, தே வந்தால் சேராது: ஐ லிம்ப், தே லிம்ப்.

3. சொல் நிற்கும் இடம்

'மெதுவாக நடக்கிறார்' என்பதில் மெதுவாக முன்னுக்கு நிற்கும். ஆங்கிலத்தில் அது பின்னுக்குப் போகும்: ஷீ வோக்ஸ் ஸ்லோலி. கம்பு ஊன்றி நடந்தால், ஷீ வோக்ஸ் வித் அ ஸ்டிக்.

4. இரண்டையும் குழப்ப வேண்டாம்

வோக் என்றால் நட. வேர்க் என்றால் வேலை செய். 'ஹீ கான் வோக்' என்றால் அவரால் நடக்க முடியும். 'ஹீ கான் வேர்க்' என்றால் அவரால் வேலை செய்ய முடியும். கால் அடிபட்டவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. வோக் என்பதை எழுதும்போது நடுவில் 'எல்' எழுத்து வரும், வாயில் வராது.

தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசகரும மொழியும்தான். தமிழிலும் கடிதம் கொடுக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரித் துண்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. அதனால்தான் இந்தப் பாடம்.

பயிற்சி: ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.
அ. அவள் இரண்டு நாளாக நொண்டுகிறாள்.
ஆ. தாத்தா காலைத் தேய்த்து நடப்பார்.

விடை: அ. ஷீ ஹாஸ் பீன் லிம்பிங் ஃபோர் டூ டேய்ஸ். ஆ. கிரான்ட்ஃபாதர் ஷஃபிள்ஸ்.

கடைசியாக ஒன்று. கடிதம் எழுதித் தருகிறவர் யாரானாலும், நாங்களே ஆனாலும், கையெழுத்துப் போடுமுன் "என்ன எழுதினீங்க, வாசிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. அந்த அண்ணன் அன்று கேட்டிருந்தால் எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்திருக்கும்.