கலங்கலைக் கண்டு கலங்காதே

அன்புள்ள செல்விக்கு,

ஏற்காட்டில் முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாயாமே, அம்மா சொன்னாள். மனம் நிறைந்தது. ஒரு விஷயம் மட்டும் எழுதுகிறேன், கவனமாகப் படி.

மலையில் குளிர் ஏறிவிட்டால் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பயம். விடிந்ததும் சிறுநீர் அடர் மஞ்சளாக, கலங்கலாக, வாடையோடு போகும். அன்று பாட்டியின் பேச்சும் கொஞ்சம் தடுமாறினால் போதும், 'யூரின்ல இன்ஃபெக்‌ஷன்' என்று முடிவே கட்டிவிடுவார்கள். டெஸ்டிலும் கிருமி இருப்பதாக வரலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கென்று சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு; எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்துவிடுவார்கள்.

ரிப்போர்ட் பொய்யில்லை. இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்குச் சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். நீண்ட நாள் கதீட்டர் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். தொந்தரவு தராதவரை அதைத் தேடவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்கிறது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி. வெறும் தடுமாற்றம் என்றால் வேறு காரணம் தேடிக் கவனித்துப் பார்க்கச் சொல்கிறது.

மருந்து தந்தால் கெடுதல் என்ன என்று கேட்பாய். சர்க்கரைக்கு கிளைமிபிரைடு சாப்பிடும் தாத்தாவுக்கு லீவோஃப்ளாக்சசின் கொடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். தடுமாற்றம் இன்னும் கூடும். அதைப் பார்த்து இன்னொரு மாத்திரை எழுதுவார்கள். தேவையில்லாத மருந்தால் கடும் வயிற்றுப்போக்கும் வரலாம், கிருமியும் மருந்துக்கு அடங்காமல் பழகிவிடலாம். இந்த ஆபத்தை நம் டாக்டர்கள் 2012-லேயே 'சென்னைப் பிரகடன'மாகச் சொன்னார்கள். 2014 மார்ச் முதல் லீவோஃப்ளாக்சசின், செஃபிக்ஸிம் போன்றவற்றுக்கு மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேடே வைக்க வேண்டும். அவ்வளவு கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்து அது; ஆகவே போன தடவை மீந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்க யாரையும் விடாதே.

ஒரு நோட்டு போடு. எல்லோரும் நலமாக இருக்கும் நாளிலேயே ஒவ்வொருவரின் வழக்கமான உடல்சூட்டையும் குறித்துவை. முதியவர்களுக்குக் காய்ச்சல் குறைவாகத்தான் காட்டும். வழக்கத்தைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறினாலே அது காய்ச்சல். பேச்சு தடுமாறினால் சர்க்கரையைப் பார், மலம் கழித்து எத்தனை நாள் என்று கேள், புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது, எங்காவது வலிக்கிறதா, தூங்கினாரா என்று பார். டாக்டர் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லாதவர் என்றால் பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் கொடு.

காய்ச்சல், குளிர்நடுக்கம், புதிதாகச் சிறுநீர் எரிச்சல், விலாப் பக்கம் வலி, சிறுநீரில் ரத்தம், மூச்சு வாங்குதல், பிரஷர் இறங்குதல், எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடு. அப்போது அதே ஆன்டிபயாடிக் உயிரைக் காக்கும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் 24 இல்லங்களில் இப்படி அறிகுறி பார்த்து மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். அந்த முறையைப் பின்பற்றிய இல்லங்களில் சிறுநீர்த் தொற்றுக்கென்று தரும் ஆன்டிபயாடிக் குறைந்தது, சாவு கூடவில்லை.

சென்னையிலிருந்து ஏதாவது ஒரு பாட்டியின் மகன் போன் செய்து, 'அம்மாவுக்கு ஏன் மருந்து தரவில்லை' என்று சத்தம் போடுவார். அவர் பயம் நியாயமானது. நோட்டைப் பார்த்து, காலையிலிருந்து அம்மாவின் சூடு, சர்க்கரை, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டு. அடுத்து எத்தனை மணிக்குப் பார்ப்பாய் என்றும் சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை