அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு: சிகிச்சையை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்?

சாலை விபத்து, தாக்குதல், தீ விபத்து, வெள்ளம் போன்ற கொடிய அனுபவங்களுக்குப் பிறகு மனநலப் பிரிவுக்கு அழைத்து வரப்படுவோரின் உறவினர்கள் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "நன்றாகத் தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கக் கூடாதா, டாக்டர்?" என்பது முதலாவது. "நடந்ததை மறக்கத்தானே வேண்டும்? ஆறுகிற புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?" என்பது இரண்டாவது. இரண்டும் அன்பிலிருந்து பிறக்கும் கேள்விகள். ஆயினும் எங்கள் விடை அவர்கள் எதிர்பார்ப்பதற்கு மாறாகவே அமைகிறது. அதற்கான காரணங்களையும், ஒவ்வொருவருக்கும் உரிய சிகிச்சையை நாங்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம் என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

விளக்கத்தின் பொருட்டு ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் உண்மையான நோயாளர் அல்லர். பலரிடம் காணப்படும் நிலைகளைச் சேர்த்து நாங்கள் அமைத்துக்கொண்டவர். வயது 38. சரக்கு வேன் ஓட்டுநர். நள்ளிரவில் டயர் வெடித்து வேன் கவிழ்ந்தது. அருகில் அமர்ந்திருந்த உதவியாளர் அவர் கண்ணெதிரிலேயே உயிரிழந்தார். இவருடைய கால் எலும்பு கூடிவிட்டது, நடக்கிறார். ஆனால் நான்கு மாதங்கள் ஆகியும் ஓட்டுநர் இருக்கையில் அமர முடியவில்லை. ரப்பர் கருகும் வாடை வந்தால் உடல் நடுங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து விழித்துக்கொள்கிறார். "என்னால்தான் அவன் இறந்தான்" என்கிறார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். தூக்கம் வருவதற்காக இரவில் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். வீட்டில் வருமானம் நின்றுவிட்டது.

நோய் எது, இயல்பு எது?

பேரதிர்ச்சிக்குப் பின் முதல் சில வாரங்களில் அழுகை, அச்சம், தூக்கமின்மை, கெட்ட கனவு ஆகியவை வருவது இயல்பு. பெரும்பாலோர் உறவினரின் அரவணைப்பிலும் அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதிலும் தாமாகவே தேறிவிடுகின்றனர். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்ப வாழ்வையும் குலைக்கும்போதுதான் அதை நோய் என்கிறோம். பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இக்கோளாறு, 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் தனிப் பெயருடன் இடம்பெற்றது.

அறிகுறிகளை நான்கு தொகுதிகளாகப் பார்க்கிறோம். நடந்தது மீண்டும் நடப்பதுபோல் நினைவும் கனவுமாக வந்து தாக்குதல். அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல். குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை, பற்றின்மை. எந்நேரமும் ஆபத்து வரும் என்பதுபோன்ற விழிப்பும் திடுக்கிடலும் எரிச்சலும். எங்கள் ஓட்டுநரிடம் நான்கும் உள்ளன.

இதைப் "பயந்த கோளாறு" என்று கருதி, மந்திரித்துத் தாயத்துக் கட்டிய பிறகு எங்களிடம் வருவோர் பலர். அந்த நம்பிக்கையை நாங்கள் குறை கூறுவதில்லை. வழிபாடு தரும் ஆறுதலும் உதவியே. அதனால் சிகிச்சை தள்ளிப்போகக் கூடாது என்பதை மட்டுமே வேண்டுகிறோம்.

சிகிச்சைக்கு முன் நாங்கள் கேட்பவை

எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்கும் முன் சிலவற்றை உறுதி செய்துகொள்கிறோம். தற்கொலை எண்ணம் உள்ளதா? இருந்தால் அதற்கே முதலிடம். ஆபத்து இன்னும் தொடர்கிறதா? வீட்டிலேயே அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பழைய நினைவுகளுக்கான சிகிச்சையைவிடப் பாதுகாப்பான இடமே முதல் மருந்து. மது அல்லது வேறு போதைப் பழக்கம் உண்டா? கடும் மனச்சோர்வு சேர்ந்துள்ளதா? விபத்தில் தலையில் அடிபட்டதா? இரத்த அழுத்தம், இதய நோய், கருவுற்றிருத்தல், ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய விவரங்களும் தேவை.

இந்தக் கேள்விகளுள் சில கூச்சத்தைத் தரலாம். எனவேதான் நோயாளரிடம் தனியாகவும் பேசுகிறோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருடைய விவரங்களை மறைவாக வைத்திருக்கும் கடமையை எங்கள்மீது விதிக்கிறது.

குடிப்பதை நிறுத்திய பிறகுதான் சிகிச்சை என்று நாங்கள் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே காலத்தில் கவனிக்க முடியும். ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே அவர் எவ்வளவு குடிக்கிறார் என்ற உண்மையை எங்களிடம் மறைக்க வேண்டாம்.

ஏன் பேசச் சொல்கிறோம்?

இக்கோளாறுக்கு மிக உறுதியான சான்றுள்ள சிகிச்சை, அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் உளவியல் சிகிச்சையே. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும், அமெரிக்கப் படைவீரர்களுக்கான 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் மருந்துகளுக்கு முன்னதாக இதையே வைக்கின்றன.

காரணம் எளிது. மேலே தோல் மூடி உள்ளே சீழ் வைத்த புண்ணை அறுவை மருத்துவர் திறந்து துடைக்கிறார். அவ்வாறே, தவிர்த்துத் தவிர்த்து மூடி வைத்த நினைவு ஆறுவதில்லை. வேனைப் பார்க்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஓட்டுநருக்கு அன்றைக்கு நிம்மதி. ஆனால் "பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்" என்ற எண்ணம் மனத்தில் மேலும் உறுதிப்படுகிறது. தவிர்த்தலே நோய்க்கு உணவாகிறது.

இச்சிகிச்சையில் மூன்று முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

முதலாவது, படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளும் சிகிச்சை. பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரின் துணையுடன் நோயாளர் நடந்ததை நிகழ்காலத்தில் நடப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வெளியிலும் சிறு படிகளாக முன்னேறுகிறார்: முதலில் நிற்கும் வேனின் அருகில் செல்லுதல், பிறகு உள்ளே அமர்தல், பிறகு பகலில் தெருவுக்குள் ஓட்டுதல். பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள் தேவைப்படும்.

இரண்டாவது, எண்ணங்களை ஆராயும் சிகிச்சை. ஏறத்தாழ 12 அமர்வுகள். "என்னால்தான் இறந்தான்" என்ற முடிவை நோயாளரும் உளவியலாளரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கின்றனர். டயர் வெடிக்கும் என்பதை முன்பே அறிய வழி இருந்ததா? அந்த ஒரு நொடியில் வேறு என்ன செய்திருக்க முடியும்? குற்றவுணர்வு மேலோங்கியவர்களுக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. நடந்ததை விரிவாகச் சொல்லாமலும் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு உளவியலாளரின் விரலசைவைக் கண்களால் பின்தொடரும் முறை. 1980களின் இறுதியில் பிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் இதை உருவாக்கினார். கண்ணசைவு இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சிகிச்சை பயனளிக்கிறது என்பதில் ஐயமில்லை.

முதல் சில அமர்வுகளுக்குப் பின் கனவுகள் சற்றே கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். அந்த நேரத்தில் "பேசப் போய்த்தான் மோசமாகிவிட்டது" என்று சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கட்டாயமாகச் சொல்ல வைப்பது பயன் தருவதில்லை, தீங்கும் விளைக்கலாம். அந்த நாட்களில் உணவு, உறைவிடம், உறவினர் துணை, செய்தி அறிதல் ஆகிய நடைமுறை உதவிகளே போதும். அவராகப் பேசினால் கேளுங்கள். தூண்டித் துருவ வேண்டாம்.

மருந்து எப்போது, எது?

உளவியல் சிகிச்சை கிடைக்காதபோதும், வாரந்தோறும் வந்து செல்ல இயலாதபோதும், நோயாளர் மருந்தையே விரும்பும்போதும், மனச்சோர்வு கடுமையாகச் சேர்ந்திருக்கும்போதும் மருந்தைத் தொடங்குகிறோம். இரண்டும் சேர்ந்து தருவதும் உண்டு.

சான்று மிகுந்த மருந்துகள் மூன்று: செர்ட்ரலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின். இவற்றுள் முதல் இரண்டும் இக்கோளாறுக்கென்றே முறையே 1999, 2001ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றன. மூன்றும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. "எனக்கு மனச்சோர்வு இல்லையே, ஏன் இந்த மாத்திரை?" என்று மருந்துக் கடையில் குழம்ப வேண்டாம்.

மூன்றில் எது என்பதை நோயாளரின் உடல்நிலை தீர்மானிக்கிறது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு வென்லாஃபாக்சினைத் தவிர்க்கிறோம். அது அழுத்தத்தை உயர்த்தக்கூடும். கருவுற்றோருக்கும் கருத்தரிக்க எண்ணுவோருக்கும் பராக்செட்டினைப் பொதுவாகத் தருவதில்லை. அதில் எடை கூடுவதும், திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் வருவதும் மிகுதி. எனவே பலருக்குச் செர்ட்ரலினில் தொடங்குகிறோம். நாளொன்றுக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை படிப்படியாக உயர்த்துகிறோம்.

தொடக்கத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி வரலாம். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவது உண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பலர் மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். 25 வயதுக்கு உட்பட்டோரிடம் முதல் சில வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று குடும்பத்தினர் கவனிக்க வேண்டும்.

பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். குணம் தெரிந்த பின்னும் ஏறத்தாழ ஓராண்டு தொடர வேண்டும். நிறுத்தும்போது சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

கெட்ட கனவுகளுக்குப் பிராசோசின் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சிலருக்கு இரவில் தருகிறோம். 2018இல் வெளியான, படைவீரர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததாக அமையவில்லை. ஆயினும் சிறிய ஆய்வுகளில் சிலருக்குப் பயன் தெரிந்துள்ளதால், சோதித்துப் பார்த்து, பலன் இல்லையெனில் நிறுத்திவிடுகிறோம். முதல் நாட்களில் எழுந்து நிற்கும்போது மயக்கம் வரலாம். மெதுவாக எழ வேண்டும்.

தூக்க மாத்திரையை ஏன் மறுக்கிறோம்?

டயசிபாம், அல்பிரசோலாம், லோராசிபாம், குளோனசிபாம் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அன்றிரவு தூக்கம் தரும். ஆனால் இக்கோளாறைக் குணப்படுத்துவதில்லை. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். நிறுத்தினால் தூக்கமின்மை முன்னிலும் கூடும். மதுவுடன் சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. அச்சத்தை எதிர்கொண்டு மனம் புதிதாகக் கற்றுக்கொள்வதையும் இவை தடுக்கக்கூடும். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இவற்றைத் தர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியுள்ளது. குடிக்கத் தொடங்கிவிட்ட எங்கள் ஓட்டுநருக்கு இவற்றைத் தருவது தீங்கையே தரும்.

ஏற்கெனவே பல மாதங்களாக இவற்றை எடுத்து வருவோர் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம்; வலிப்பு வரலாம். சீட்டுடன் எங்களிடம் வாருங்கள். படிப்படியாகக் குறைத்துத் தருகிறோம்.

குழந்தைகளுக்கு

18 வயதுக்குட்பட்டோருக்கு உளவியல் சிகிச்சையே வழி. இக்கோளாறுக்கென மருந்து தருவதைத் தவிர்க்கிறோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, போரையும் கடந்து வந்திருந்த வடகிழக்கு இலங்கையின் தமிழ்க் குழந்தைகள் 31 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு குழுவினர் தம் வாழ்க்கைக் கதையை, அதிர்ச்சியையும் சேர்த்து, வரிசையாகச் சொன்னார்கள். மற்றக் குழுவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இரண்டுக்கும் 6 அமர்வுகளே. உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களே அவற்றை நடத்தினர். ஆறு மாதங்களுக்குப் பின் இரு குழுக்களிலும் பெரும்பாலோர் மீண்டிருந்தனர். சிறிய ஆய்வுதான், ஆயினும் நம் மொழியில், நம்மவர் துணையுடன் இச்சிகிச்சையைச் செய்ய இயலும் என்பதற்கு அது சான்று.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

"மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்ற அறிவுரையைத் தவிருங்கள். முடிந்திருந்தால் அவர் செய்திருப்பார். கனவில் அலறும்போது பிடித்து உலுக்காதீர்கள். விளக்கைப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். அவர் அஞ்சும் எல்லா வேலைகளையும் நீங்களே ஏற்றுக்கொள்ளாதீர்கள். உளவியலாளர் வகுத்த சிறு படிகளில் உடன் செல்லுங்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்திருங்கள்.

மருத்துவரிடம் நீங்களும் கேளுங்கள்: எதற்காக இந்தச் சிகிச்சை? வேறு வழி உண்டா? எத்தனை வாரங்களில் பலன் தெரியும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன? நான்கு கேள்விகளுக்கும் விடையளிப்பது எங்கள் கடமை. முதல் சிகிச்சை பலன் தராவிட்டால் நோய் தீராதது என்று பொருளில்லை. அளவை மாற்றுகிறோம், மருந்தை மாற்றுகிறோம், வேறு உளவியல் முறைக்குச் செல்கிறோம்.

எங்கள் ஓட்டுநருக்கு நாங்கள் வகுக்கும் வழி இதுதான்: குடியைப் பாதுகாப்பாக நிறுத்த உதவி, மனச்சோர்வு சேர்ந்திருந்தால் செர்ட்ரலின், குற்றவுணர்வை முன்வைத்த உளவியல் சிகிச்சை, பின்னர் வேனை நோக்கிய சிறு படிகள். மனைவிக்கும் ஓர் அமர்வு. நடந்ததை அவர் மறக்கப் போவதில்லை. உடன் வந்தவரை மறக்க வேண்டும் என்று அவர் விரும்பவும் மாட்டார். அந்த இரவை நினைக்கும்போது அது கடந்துபோன ஓர் இரவு என்று அவருடைய உடலும் அறிய வேண்டும். அதுவே எங்கள் நோக்கம்.

தற்கொலை எண்ணம் தோன்றினாலோ, உடனே பேச ஒருவர் தேவைப்பட்டாலோ, டெலி மானஸ் இலவச உதவி எண் 14416ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.