சனிக்கிழமைத் தொண்டு: எதைத் தேர்வது?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் இறங்கி மெப்ஸ் வாயிலை நோக்கி விரைகிற ஆயிரக்கணக்கானோரில், அந்த நிலையத்தின் பெயருக்குக் காரணமானது 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக ஏற்படுத்திய ஆரோக்கிய ஸ்தலம் என்பதை அறிந்தோர் சிலரே இருப்பர். 1984-இல் வந்த மெப்ஸ் என்னும் ஏற்றுமதி வளாகமும், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்கும் அந்த ஸ்தலமும் இப்படி அண்டை வீட்டாராக இருக்கிறபடியால், இவ்வட்டாரத்து நிறுவனங்களில் மனிதவளப் பொறுப்பிலிருக்கும் ஒருவருக்கு, 'நம் ஊழியர்களைக் கொண்டு ஏதாவது நல்ல காரியம் செய்யலாமே' என்ற எண்ணம் எழுவது இயல்புதான். எண்ணம் எழுந்த மறுகணமே எழும் கேள்வி, எதைச் செய்வது என்பது. இதற்கு விடை தேடுகிறவர்கள் ஊழியர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். தலைமை அலுவலகத்திடம் கேட்கிறார்கள். தொண்டைப் பெறப்போகிறவர்களிடம் மட்டும் கேட்பதில்லை. தெரிவில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மூலம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் தொண்டில் கழித்த மணிகளை ரூபாயாக மதிப்பிட்டு இந்தச் செலவில் சேர்க்க முடியாது என்று மத்திய அரசு 2021-இல் தெளிவுபடுத்திவிட்டது. இதை நஷ்டமென்று கருதுவோர் உண்டு; நான் லாபமென்றே கருதுகிறேன். கணக்கில் ஏறாத காரியத்துக்குக் கணக்குக் காட்டும் கவலை இல்லையாதலால், பத்திரிகைக்கு ஏற்றதா என்று பாராமல் பிரயோஜனமானதா என்று மட்டும் பார்த்துத் தேர்வதற்கு நமக்குச் சுதந்திரம் கிடைக்கிறது.

எல்லோரும் முதலில் நினைப்பது குழந்தைகள் இல்லத்தை. நான் அறிந்த ஓர் இல்லத்தில், காந்தி ஜயந்தி தினத்தன்று மூன்று நிறுவனத்தார் ஒருவர்பின் ஒருவராக வந்து, காலையில் கேசரியும் நண்பகலில் பிரியாணியும் மாலையில் கேக்கும் கொடுத்து, மூன்று முறையும் பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டுச் சென்றார்கள். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வயிற்றுவலியென்று பள்ளிக்குப் போகவில்லை. அந்த இல்லத்தின் வார்டன் அம்மாள் ஒருவரையும் குறைகூறவில்லை. 'அடுத்த தடவை ஜூன் மாசம் வரச் சொல்லுங்க சார், நோட்டுப் புத்தகம் வாங்க அப்பதான் கஷ்டம்' என்று மட்டும் சொன்னார். இன்னொன்றும் உண்டு. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தையோ பெயரையோ வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைப்படம் இல்லாமல் போக மனம் ஒப்பாத குழு, குழந்தைகள் இல்லத்துக்குப் போகாதிருப்பதே உத்தமம். முதியோர் இல்லங்களின் நிலை சற்று வேறு. பாலவாக்கத்தில் சாவித்திரி வைத்தி 1978-இல் நிறுவிய விச்ராந்தி போன்ற இடங்களில் வாழும் மூத்தோருக்குப் பேச்சுத்துணையே ஒரு கொடையாகும். எனினும் அறுபது பேர் ஒரு நாள் போய்த் திரும்புவதைக் காட்டிலும், இருவர் இருவராக மாதந்தோறும் போவதே பேச்சுத்துணை என்னும் பெயருக்குத் தகும்.

அறுபது பேர் ஒன்றாகப் போயே தீரவேண்டுமென்றால் ஏரிக்குப் போகலாம். இந்த வட்டாரத்துக்கு இயற்கை அளித்த பெரிய செல்வம் ஏரிகளே. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை வழியாக, 2022-இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் நீர் இறங்கிச் செல்லும் சங்கிலியமைப்பை முன்னோர் வகுத்துவைத்தார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டால் மேலே உள்ள தெருவில் வெள்ளமும் கீழே உள்ள கிணற்றில் வறட்சியும் ஒருசேர வரும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது, சிட்லபாக்கத்துக் குடியிருப்போர் அரசை எதிர்பார்த்திராமல் தாமே இறங்கித் தங்கள் ஏரியைச் சுத்தம் செய்தார்கள். 2007-இல் அருண் கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய இந்தியச் சூழலியலாளர் அறக்கட்டளை போன்ற அமைப்புகள், வேலை தெரிந்த மேற்பார்வையோடு நிறுவனக் குழுக்களை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் எது மனிதர் வேலை, எது இயந்திர வேலை என்ற விவேகம் வேண்டும். சீமைக்கருவேல மரத்தை வேரோடு பெயர்ப்பதும் தூர் வாருவதும் ஜேசிபி செய்யவேண்டியவை; அவற்றுக்குப் பணம் கொடுங்கள். வரத்துக் கால்வாயில் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளையும் கரையோரத்து ஆகாயத்தாமரையையும் அகற்றுவது கைகள் செய்யவேண்டியது. அதற்கு ஆட்களை அனுப்புங்கள். ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பிலா தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பிலா என்று விசாரித்து முன்னனுமதி பெறவேண்டும். சேற்றில் கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்குமாதலால், முழங்கால் வரையுள்ள ரப்பர் காலணியும் தடித்த கையுறையும் இல்லாமல் ஒருவரையும் இறக்கக்கூடாது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபருக்கு முன் செய்யவேண்டும். டிசம்பரில் கரையில் நின்று வரத்துக் கால்வாயைப் பற்றி வருந்துவதில் பலனில்லை.

அரசுப் பள்ளியைத் தேர்வோர் ஏரிக்காரரைப் போல ஒரு நாளோடு விடைபெற முடியாது. சுவருக்கு வண்ணம் பூசி, பேனர் கட்டி, மாலையில் கலைந்து செல்வதைப் பள்ளித் தொண்டு என்று நான் ஒப்புவதில்லை. வண்ணம் பூசுவதற்கு இந்த ஊரில் தேர்ந்த தொழிலாளர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலியும் வேண்டியிருக்கிறது. மென்பொருள் ஊழியரிடம் பள்ளி எதிர்பார்க்கக்கூடியது, உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளைப் பிள்ளைகள் அச்சமின்றிக் கையாளப் பழக்குவதும், ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் கூசாமல் பேச வைப்பதுமே. ஜூனில் தொடங்கிப் பொதுத்தேர்வு நெருங்கும் பிப்ரவரியில் நிறுத்தும்படி, வாரம் ஒரு மணி நேரம், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒப்பிய நேரத்தில் நடத்தவேண்டும். ஒரு வகுப்புக்கு இருவர் பொறுப்பேற்று, மூன்றாமவர் ஒருவரை மாற்றாளாக வைத்துக்கொள்ளாத குழு தொடங்கவே வேண்டாம். காலாண்டு முடிவில் அலுவலகத்தில் வேலை குவியும்போது வராமல் நின்றுவிடுகிற அண்ணனையும் அக்காவையும் வாசலில் எதிர்பார்த்து நிற்கும் பிள்ளைகளின் ஏமாற்றம், வகுப்பே நடவாதிருப்பதைவிடக் கொடியது.

இனிச் சொல்லப்போவது ஒருவரும் புகைப்படம் எடுக்காதது. ஆயினும் நான் முதலிடம் தருவது இதற்கே. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் ஆகிய பகுதிகளில் இயங்கும் சிறிய அறக்கட்டளைகள் பலவற்றில் கணக்கு எழுதத் தனியாள் இல்லை. நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் கொடுக்கவேண்டும். அதன்பின் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் வழங்கவேண்டும். நிறுவனங்களின் சமூகப் பணி நிதி பெறவிரும்பினால் சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நன்கொடை வரும் வழிக்கு இடையூறு நேரும். உங்கள் கணக்குப் பிரிவிலிருந்து இருவர், ஏப்ரலிலும் மேயிலும் நான்கு சனிக்கிழமை அங்கே அமர்ந்தால், அது அறுபது பேர் இனிப்பு கொண்டுபோனதற்கு எவ்வளவோ மேல்.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வில் எழுதிக்கொடுப்பது பலருக்கு விருப்பமான தொண்டு. தேர்வர் தாமே அழைத்துவரும் எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வருடையதைவிடக் குறைந்திருக்கவேண்டும் என்பது விதியாதலால், பட்டதாரிப் பொறியாளர்களுக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. பாடநூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பதற்குத் தடையில்லை. பலர் விரும்பும் இன்னொன்று கடலாமை நடை. பங்குனி ஆமை முட்டையிடும் காலத்தில், 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்போடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடப்பது அருமையான அனுபவம். ஆனால் அதைக் கற்றுக்கொள்ளல் என்று சொல்லுங்கள், தொண்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) மென்பொருள் நிறுவனங்களில் சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவருக்கு மேற்சொன்ன யாவும் பொருந்தும். ஆனால் மெப்ஸில் ஷிப்டு முறையில் நின்றபடி வேலை செய்யும் பெண்ணுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வுநாளைத் தொண்டின் பெயரால் கேட்பது நியாயமன்று. வளாகத்துக்குள்ளேயே, வேலை நேரத்திலேயே நடக்கும் ரத்ததான முகாம் போன்றவையே அங்கே தக்கவை. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அன்று மீதி ஷிப்டு விடுப்பு, சம்பளத்தோடு. அந்தச் சம்பளத்தைத் தர மனமில்லாத நிறுவனம், ஏதேனும் ஓர் அறக்கட்டளைக்குக் காசோலை அனுப்பிவிட்டு ஊழியரை வீட்டில் இருக்கவிடட்டும், அதில் குறைவொன்றுமில்லை.