ஒளிக்கு நிறம் மட்டுமே தெரியும்

என் சித்தி மகள் சுடிதார் காலை முட்டிவரை சுருட்டிக் காட்டினாள். கெண்டைக்காலில் பழுப்பாக ஏழெட்டுப் பட்டைகள். தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அழுத்தி எடுத்தது போல, எல்லாம் ஒரே அளவு, ஓரம் பிசகாத செவ்வகங்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அந்த இடத்தில் சிலந்தி வலை போல ஊதா நிறத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கியிருந்தன. அதைப் போக்கத்தான் ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போயிருக்கிறாள்.

"லேசர்னுதான் சொன்னாங்கக்கா. ரப்பர் பேண்டால சுண்டுற மாதிரி இருக்கும், அவ்ளோதான்னாங்க. எனக்குச் சூடு போட்ட மாதிரி இருந்துச்சு. சொல்லவும் செஞ்சேன். இன்னும் நாலு ஷாட்தான், பொறுத்துக்கோங்கன்னாங்க."

அவளுக்கு வைத்தது லேசரே இல்லை. அது ஐ.பி.எல். என்ற ஒளிச் சிகிச்சை; கருவியின் கண்ணாடி முனை என்ன அளவோ, அந்த அளவில் தோல் வெந்திருக்கிறது. இந்தச் சிகிச்சையைப் பற்றி நம் வீடுகளில் உலவும் பேச்சுகளை எடுத்து எழுதியே ஆக வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

"ஐ.பி.எல்., லேசர் எல்லாம் ஒன்றுதான்"

லேசர் ஒரே அலைநீளமுள்ள ஒளி. ஐ.பி.எல்., கேமரா ஃப்ளாஷ் போன்ற ஒரு செனான் விளக்கு. அதிலிருந்து சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்கள் கலந்து வரும். வேண்டாததை வடிகட்டி வைத்துத் தடுப்பார்கள்.

இரண்டுக்கும் அடிப்படை மட்டும் ஒன்று. 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 'சயன்ஸ்' இதழில் அதை விளக்கினார்கள். அழிக்க வேண்டிய பொருளின் நிறம் எந்த ஒளியை உறிஞ்சுமோ அந்த ஒளியை, அந்தப் பொருளின் சூடு சுற்றிலும் பரவுவதற்குள் பாய்ச்சி முடித்துவிட வேண்டும். அப்போது அது மட்டும் வேகும், பக்கத்துத் தோல் தப்பும். டம்ளர் காபி ஆறுகிற நேரத்தில் அண்டா வெந்நீர் ஆறாது. தூசியிலும் சிறிய நிறமித் துகள் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் ஆறிவிடுகிறது. இரத்தக் குழாய் ஆறுவதற்கு மில்லிசெகண்டுகள் வேண்டும். அதனால்தான் கரும்புள்ளிக்கு ஒரு கருவி, குழாய்க்கு இன்னொரு கருவி.

நமக்கு ஆபத்து இருப்பது இதற்கு அடுத்த படியில். குழாய்க்குள் ஓடும் ஹீமோகுளோபின் விரும்பும் ஒளியை, தோலின் மேலடுக்கில் இருக்கும் மெலனினும் விரும்பி உறிஞ்சும். இரத்தத்தைத் தேடிப் போகிற ஒளிக்கு வாசலிலேயே மெலனின் நிற்கிறது. வெளிர்ந்த தோலில் வாசலில் ஆள் குறைவு. நம் தோலில் கூட்டம். ஒளிக்கு ஆளைத் தெரியாது, நிறம்தான் தெரியும். முதலில் கண்ட நிறத்தில் இறங்கிவிடும். அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறைகிறது. ஆகவே மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஐ.பி.எல்.லைவிட 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. அதிலும் அளவு தப்பினால் சுடும்.

தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தொடங்கிவைத்த தோல் வகைப் பட்டியல் பின்னாளில் 6 வகையாக விரிந்தது. தமிழர்களில் பெரும்பாலானவர்கள் அதில் 4, 5 என்ற வகைகளில் வருவோம். என் தங்கை 5. அதை அங்கே யாரும் பார்க்கவில்லை. மறைவான ஓர் இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்து, சில வாரம் பொறுத்துப் பார்க்கும் வழக்கத்தையும் அவர்கள் கடைப்பிடிக்கவில்லை. எனக்கு ஆறாதது இதுதான். செலவில்லாத சோதனை அது.

"நரம்பில் ஒளி பட்டால் கால் மரத்துவிடும்"

இந்தப் பயம் நம் பேச்சு வழக்கிலிருந்து பிறந்தது. கையில் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்கிறோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோம். வெரிகோஸ் வெயினுக்கு நரம்புச் சுருட்டல் என்றே பெயர். உண்மையில் அவையெல்லாம் சிரைகள், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் ஓடும் குழாய்கள். உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு வெண்மையான நார் போன்றது. இந்த ஒளி தேடிப்போகும் நிறம் அதில் இல்லை. தோல்மேல் வைக்கும் ஒளியால் கால் செயலிழக்காது.

ஆனால் முறுக்கிப் புடைத்த பெரிய சிரைகளுக்கு தோல்மேல் வைக்கும் இந்த ஒளி உதவாது. அங்கே சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதாகி, மேலேற வேண்டிய இரத்தம் கீழே தேங்குகிறது. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இது அதிகம். துணிக்கடைப் பெண்களின் கால்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021-இல்தான். கால் கனம், வீக்கம், கணுக்காலைச் சுற்றிக் கருமை இருந்தால் முதலில் டாப்ளர் ஸ்கேன். சிரைக்குள்ளேயே மெல்லிய இழையைச் செலுத்திச் செய்யும் லேசர் வேறு சிகிச்சை, அதைச் செய்பவர் இரத்தக் குழாய் மருத்துவர். காலில் தெரியும் சிலந்தி வலைக் குழாய்களுக்குக்கூட, மருந்தை ஊசியால் செலுத்திக் குழாயை மூடச் செய்யும் முறைதான் பெரும்பாலும் முதல் தேர்வு. ஒளி சிறப்பாகக் கைகொடுப்பது முகத்தில் தெரியும் குழாய்களுக்கு.

"மங்கு லேசரில் ஒரேயடியாகப் போய்விடும்"

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் மங்குக்கு வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று பல காரணங்கள். அங்கே நிறமி தயாரிக்கும் செல்கள் எப்போதும் சீண்டலுக்குக் காத்திருப்பவை. ஒளியின் சூடும் ஒரு சீண்டல்தான். முதல் இரண்டு சிட்டிங்கில் வெளுத்தது போல இருந்து, மூன்றாம் மாதம் முன்பைவிடக் கறுத்துத் திரும்பிய முகங்கள் நம்மிடையே ஏராளம். கர்ப்பத்தில் வந்தது பிரசவத்துக்குப் பின் தானே மங்குவதும் உண்டு. சன்ஸ்கிரீனும் மருத்துவர் தரும் களிம்புகளும்தான் முதல் சிகிச்சை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும். லேசர் வந்தால் கடைசியில், மிகக் குறைந்த அளவில் வர வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வாங்கித் தடவும் க்ரீம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து கன்னத்தில் செந்நிறக் குழாய்கள் தெரியும். நிறுத்தினால் எரிச்சலும் கருமையும் வரும். குழாயும் கருமையும் ஒரே டியூபிலிருந்து வந்ததை அறியாமல், இரண்டுக்கும் ஒளி சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறார்கள். 2018-இல் 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. அந்த முகத்துக்கு முதல் தேவை க்ரீமை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவது.

இந்த ஒளி யாரையும் சிவப்பாக்காது. பிறந்த நிறம் நோயில்லை, அதற்குச் சிகிச்சையும் இல்லை.

"கேன்சர் வரும்"

வராது. இது எக்ஸ்ரே போன்ற கதிர் அல்ல. காக்க வேண்டியது கண்ணை. கண்ணாடி மாட்டாமல் யார் கருவியை எடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

"கறுத்த இடம் எதுவானாலும் லேசர் எடுக்கலாம்"

பிள்ளையின் கழுத்து கறுத்திருந்தால் அழுக்கு என்று கடலை மாவும் நாரும் போட்டுத் தேய்க்கிறோம். வெல்வெட் போலத் தடித்துக் கறுத்த கழுத்து பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவையும் எடையையும். உள்ளங்காலில் புதிதாக வந்து வளரும் கரும்புள்ளியை, அது என்னவென்று தோல் மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது. நம் நிறத்தவருக்கு அரிதாக வரும் மெலனோமா அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும்.

அதே ஒளி அற்புதமாக வேலை செய்யும் இடமும் உண்டு. ஒரு கண்ணைச் சுற்றி, நெற்றிப்பொட்டு, கன்னம் என்று நீலக் கறுப்பாகப் படரும் ஓட்டா மச்சத்தை எந்தக் களிம்பும் எட்டாது. நிறமி அத்தனை ஆழத்தில் இருக்கிறது. க்யூ-ஸ்விட்ச் லேசரில், மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை செய்தால், அது பெரும்பாலும் அழிந்தே போகிறது. பாட்டிகளின் கையில் இருக்கும் பச்சை குத்திய கோலங்களும் அப்படியே.

என் தங்கையின் காலில் அந்தப் பட்டைகள் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியிருக்கின்றன. முழுக்கப் போக இன்னும் மாதங்கள் ஆகலாம். டாப்ளர் பார்த்தாயிற்று, வால்வுகளில் பழுதில்லை. ஊதா வலை அப்படியே இருக்கிறது. பழுப்பு மங்கிய பிறகு ஊசி முறையை யோசிக்கலாம், அதுவரை அந்தக் காலில் எதையும் வைக்க வேண்டாம் என்று தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். "நீயும் கூட வாக்கா" என்று கேட்டிருக்கிறாள். போகிறேன்.