சேவலா, பெட்டையா? எட்டு வாரம் பொறு தங்கச்சி

சந்தையில் கூடைக்காரர் குஞ்சைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, "இது காலை உதறுது, சேவல், அது சும்மா கிடக்கு, பெட்டை" என்று சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடு தங்கச்சி. முட்டை கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்பதும் அதே ரகம்தான். முட்டைக்கு வடிவம் தருவது தாய்க்கோழியின் முட்டைக்குழாய். உள்ளே இருப்பது எது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாட்டுக்குஞ்சில் எட்டு வாரத்துக்கு முன்னால் வெளித்தோற்றத்தை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எட்டாவது வாரத்திலும் ஒரே ஒரு அடையாளத்தை நம்பாதே. இரண்டு மூன்று சேர்ந்து வரணும்.

எந்தக் கோழி வாங்கலாம் என்று கேட்டால், சங்கரன்கோவில் பக்கத்து வீட்டுக்கு, அதுவும் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் புழக்கடைக்கு, என் ஓட்டு சிறுவிடை நாட்டுக்கோழிக்குத்தான். பெட்டை ஒன்றரை கிலோவைத் தாண்டுவது அரிது. சாது. வீட்டைச் சுற்றியே மேயும், நம் வெயிலைத் தாங்கும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தானே அடைகாத்துத் தானே குஞ்சுகளைக் கூட்டி மேய்க்கும். வருஷத்துக்கு மூன்று நான்கு ஈடு, ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை. அவ்வளவுதான், ஆசைப்படாதே. பெருவிடை பார்க்கக் கம்பீரம், ஆனால் அது சண்டைக்கென்றே வளர்த்த வழி. இரண்டு சேவலை ஒரே முற்றத்தில் விட முடியாது. பெட்டைகளே ஒன்றையொன்று கொத்தும்.

முட்டைதான் முக்கியம் என்றால் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் தந்த கிராமப்பிரியா, வனராஜா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி எல்லாம் இருக்கின்றன. நாட்டுக்கோழியைவிட நிறைய இடும். ஆனால் அடைக்கு உட்காருவதை நம்பி இருக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்குக் காசு கொடுக்கணும். வாங்குவதற்கு முன்னால் ராமையன்பட்டியில் இருக்கிற திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்.

திருவிழாக் கடையில் பச்சை, ரோஸ் என்று சாயம் தோய்த்து விற்கும் குஞ்சு மட்டும் வேண்டாம். பிள்ளைகள் அழுதாலும் வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டைப்பண்ணை இனத்துச் சேவல் குஞ்சுகள். பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் தேவை, பொரித்த அன்றே பிரித்து ஒதுக்கியவைதான் கூடைக்கு வருகின்றன. பல நாடுகளில் அந்தச் சேவல் குஞ்சுகளை அன்றே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022 முதல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது.

'பொரிப்பகத்தில் மட்டும் ஒரு நாள் குஞ்சில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?' என்று நீ கேட்பாய். குஞ்சின் ஆசனவாயை மெல்லப் பிதுக்கிப் பார்த்தால், சேவலில் மிகச் சிறிய ஒரு மேடு இருக்கும். 1920-களில் ஜப்பானில் மசூயி, ஹஷிமோட்டோ ஆகியோர் இதைக் கண்டறிந்து எழுத, அங்கிருந்து பயிற்சி பெற்றவர்கள் உலகமெங்கும் வேலைக்குப் போனார்கள். அது பழகிய கைக்கு மட்டும். நீயும் நானும் அழுத்திப் பார்த்தால் குடல் வெளியே வந்து குஞ்சு செத்துப்போகும். இன்னொன்று இறக்கைச் சிறகின் நீளத்தைப் பார்ப்பது. சீக்கிரம் சிறகு முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் சேர்த்தால், பெண் குஞ்சுக்கு அப்பாவைப் போலச் சீக்கிரம் முளைக்கும், ஆண் குஞ்சுக்குத் தாமதம். அப்படித் திட்டம் போட்டு இணைசேர்த்த இனத்துக்கு மட்டுமே அது பொருந்தும். நாலு தெருச் சேவலும் கலந்த நம் நாட்டுக்குஞ்சில் சிறகை விரித்துப் பார்ப்பது வீண்வேலை.

இதில் ஒரு சங்கதி. கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தாய். மனிதரில் அது அப்பா பக்கம். மூணாவதும் பொம்பளப் பிள்ளையா என்று மருமகளை முறைக்கிற மாமியார் யாராவது உன் தெருவில் இருந்தால் சொல்லிவை.

கைக்குப் பழக்குவது

சாதுவான இனம் என்று வாங்கினாலும், பழக்கம் முதல் நாலு வாரத்தில்தான் ஏறும். தாய்க்கோழியோடு வந்த குஞ்சு என்றால் சூட்டைப் பற்றிக் கவலையில்லை. தனிக்குஞ்சு என்றால் குண்டு பல்பு வேணும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறை. வெப்பமானி இல்லையா? குஞ்சையே பார். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. பங்குனி, சித்திரையில் பகலில் இங்கே பல்பே தேவைப்படாது.

தூக்கும்போது மேலிருந்து கையைக் கொண்டுபோகாதே. மேலிருந்து வருவது பருந்து என்றுதான் அதற்குத் தோன்றும். தரையோடு தரையாகக் கையை நீட்டி, உள்ளங்கையில் கம்போ நொறுங்கரிசியோ வைத்து, ஒரே குரலில் "பா... பா..." என்று கூப்பிடு. கரையான் கிடைத்தால் இரண்டே நாளில் மடியேறும். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வை, விடிந்ததும் எடு. அதற்காகப் புற்றை உடைக்கப் போய்விடாதே. புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் பூசுகிற ஊர்க்காரிக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. தேள், பூரான் வராமலிருக்கக் கோயிலில் வெள்ளித் தகட்டில் உரு வாங்கிப் போடுகிறோமே, புழக்கடையில் அந்த வேலையைக் கோழியும் கொஞ்சம் பார்க்கும்.

தீனியில் இரண்டு எச்சரிக்கை. நம் பக்கம் மக்காச்சோளம் நிறைய. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்ததைக் 'கோழிக்குத்தானே' என்று போடாதே, ஈரல் கெட்டுச் சாகும். புரட்டாசி விதைப்பு நேரத்தில் மருந்து கலந்து சாயமேற்றிய விதை காட்டிலும் வண்டியிலும் சிந்திக் கிடக்கும், அந்த வாரம் கோழியை அடைத்து வை.

தடுப்பூசி மட்டும் தள்ளிப்போடாதே. வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் வந்தால் தெருவே காலி. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் கணக்கில் வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடணும். அதனால் தெருவில் நாலு வீட்டுக்காரிகள் சேர்ந்து ஒரே காலையில் போடுங்கள். கால்நடைத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் போடும், அரசு கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வை. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் அது ஊசிக்கு மாற்று ஆகாது.

அடையாளம் பார்ப்பது

எட்டு வாரம் ஆகட்டும். காலை வெளிச்சத்தில், தீனி போட்டுவிட்டு, ஒரே வயசுக் குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். தனியாக ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் எதுவும் புரியாது. வித்தியாசம் ஒப்பிட்டால்தான் தெரியும்.

முதலில் கொண்டை. சேவல் குஞ்சில் ஐந்தாறு வாரத்திலேயே கொண்டை சிவக்கத் தொடங்கி, எட்டாவது வாரத்தில் அகலமாகி, தாடையில் தாடியும் தொங்கும். பெட்டையில் அது இன்னும் மஞ்சளோ வெளிர் ரோஸோதான். ஆனால் கருங்கோழியில் கொண்டையே கறுப்பு, சிவப்பைத் தேடினால் ஏமாறுவாய். பெருவிடையில் கொண்டை அமுங்கிச் சின்னதாக இருப்பதால் சேவலையும் பெட்டை என்று நினைக்கத் தோன்றும். அதனால் கருங்கோழியில் நிறத்தை விட்டு அளவைப் பார், பெருவிடையில் அளவை நம்பாதே.

அடுத்து கால். சேவலுக்குக் கணைக்கால் தடிப்பு, பாதம் பெரிது, நிற்பது நெஞ்சை நிமிர்த்தி. பெட்டை கொஞ்சம் தாழ்ந்து, உடம்பு தரைக்கு இணையாக நிற்கும். துணியை உதறினால் சேவல் குஞ்சு கழுத்தை நீட்டி எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், பெட்டை பம்மி ஓடும் என்பார்கள். பாதி நேரம் சரியாக வரும், பாதி நேரம் வராது. துணிச்சலான பெட்டைகளும் உண்டு.

நிச்சயமான அடையாளம் சிறகில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வாரம் வாக்கில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தை விரலால் விலக்கிப் பார். அங்கே புதிதாக வரும் சிறகு நீளமாக, நுனி ஊசியாக, எண்ணெய் தடவியது போலப் பளபளத்தால் சேவல். நுனி வட்டமாக, மங்கலாக இருந்தால் பெட்டை. கழுத்துச் சிறகிலும் இதே கதை, ஆனால் அங்கே பெட்டைக்கும் கொஞ்சம் கூர் வருவதால் குழப்பும். வால் பக்கத்துச் சிறகு ஏமாற்றாது. செவலைக் குஞ்சுக்குத் தோள்பட்டையில் ஆழ்ந்த சிவப்புத் திட்டு தனியாகத் தெரிந்தால் அதுவும் சேவல் பக்கம்தான். வாலில் அரிவாள் போல வளைந்த சிறகு அதற்கும் பிறகு வரும்.

முள்ளை வைத்து முடிவு செய்யாதே. வயசான பெட்டைக்கும் காலில் முள் வரும். கூவுவதை வைத்துமே எப்போதும் சொல்ல முடியாது. கோழிக்கு இடதுபக்கச் சினைப்பைதான் வேலை செய்கிறது. சீக்கு வந்து அது கெட்டுப்போனால், முட்டையை நிறுத்திவிட்டுப் பெட்டையே கூவத் தொடங்கலாம். பெட்டைக்கோழி கூவினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அன்றே அறுக்கச் சொல்வார்கள். குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை, கோழிக்குத்தான் உடம்பு சரியில்லை.

சேவல் எத்தனை

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வெறும் முட்டை மட்டும் வேணும் என்றால் சேவலே வேண்டாம். பெட்டை சேவலில்லாமலும் முட்டையிடும், பொரிக்காது, அவ்வளவுதான். சேவல் கூடினால் பெட்டையின் முதுகுச் சிறகு உதிர்ந்து தோல் தெரியும். அதைப் பார்த்தால் உடனே ஒன்றைக் குறை. பதினாறு வாரத்தில் மிச்சச் சேவலைப் பிரித்துத் தனியே அடைத்து, மக்காச்சோளமும் கம்பும் போட்டுத் தேற்று. பங்குனி, சித்திரையில் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை விழா வரும்போது சேவலுக்கு இருக்கிற கிராக்கி மற்ற மாதங்களில் இருக்காது. வியாபாரியை வீட்டுக்கு வரச் சொல், நீ தூக்கிக்கொண்டு சந்தைக்கு அலையாதே.

வைத்துக்கொள்ளும் ஒன்றைக் குணம் பார்த்துத் தேர்ந்தெடு. அழகைப் பார்க்காதே. தீனி கண்டதும் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடும் சேவல் நல்ல சேவல். பிள்ளைகளின் காலைக் கொத்துவதை வைத்துக்கொள்ளாதே, அந்தக் குணம் குஞ்சுக்கும் போகும். கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்றால் அடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. தெருவில் தபால்காரரைத் துரத்திக்கொண்டு அதுபாட்டுக்கு ராஜாங்கம் நடத்தும். அதற்கு என்னிடம் டிப்ஸ் இல்லை.

முட்டைக்கு வந்த வெடை

ஐந்தாறு மாசத்தில் வெடைக்கோழியின், அதாவது இளம்பெட்டையின், கொண்டையும் சிவக்கும். அய்யோ சேவலாகிவிட்டதே என்று பயப்படாதே, வால் பக்கத்துச் சிறகைப் பார்த்துக்கொள். நீ கிட்டப் போகும்போது இறக்கையைச் சற்றே விரித்து அப்படியே பம்மி உட்கார்ந்தால் முட்டைக்கு நாள் நெருங்கிவிட்டது. மூலை மூலையாக எட்டிப் பார்த்துக் கேறிக்கொண்டு திரியும். அப்போது இருட்டான மூலையில் கூடையில் வைக்கோல் போட்டு வை, இல்லையென்றால் வைக்கோல்படப்பில் இட்டு வைத்து உன்னைத் தேடவிடும்.

முட்டையை எடுக்கும்போது ஒன்றை விட்டுவிட்டு எடு, அதில் பென்சிலால் குறி போட்டுக்கொள். எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் இடம் மாற்றிவிடும். மற்றவற்றில் தேதி எழுதி, கழுவாமல், பானையில் ஈர மணலுக்கு மேல் துணி விரித்து வை. அடைக்கு வைப்பது ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையாக இருக்கட்டும், சிறுவிடைக்குப் பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு. கூடையில் கரித்துண்டும் வரமிளகாயும் இரும்பும் போடச் சொல்லும் அத்தையிடம் சண்டைக்குப் போகாதே, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடு. இருபத்தொன்றாம் நாள் குஞ்சு. கத்திரி வெயிலில் மட்டும் அடை வைக்காதே. அந்த நேரத்தில் கோழி அடைக்கு உட்கார்ந்தால் மூக்கில் சிறகு குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தண்ணீரும் தீனியும் வைத்து மூன்று நாலு நாள் விடு. தெளிந்து எழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும்.